மார்பில் கட்டி: எழுத்தில் வாங்க வேண்டிய பதில்

கந்தர்வக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த முந்திரிக்காட்டுக் கிராமங்களிலும், மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாள் முதல் ஏழெட்டு மாதம் ஒருவரிடமும் வாய் திறவாமல் இருந்து, சொன்ன பிறகும் வேப்பிலை அரைத்துப் போட்டும் பற்றுத் தடவியும் காலத்தைக் கடத்தி, தோல் வெடித்து நீர் கசியத் தொடங்கியபின் மருத்துவமனைக்கு வந்து சேரும் ஸ்திரீகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்வது பெரிய மனவேதனை. ஏன் இத்தனை நாள் தாமதம் என்று கேட்டால், “வலியே இல்லையேம்மா, அதுபாட்டுக்கு இருந்துச்சு” என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள். மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இதைக் கேட்டு யாரும் கதிகலங்க வேண்டியதில்லை. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் நார்க்கட்டியும், நடுவயதில் நீர்க்கட்டியும், பால் கொடுக்கும் தாய்மாருக்குச் சீழ்க்கட்டியும் வருவது சகஜம். ஆயினும் கெட்டியாக, இடம் நகராமல் இருக்கும் கட்டி, தோலில் குழி விழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பில் ரத்தம் கசிதல் அல்லது ஆறாத புண், ஆரஞ்சுப் பழத் தோல்போல் மேற்புறம் தடித்துப்போதல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகிய இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வாரமே வைத்தியரிடம் போக வேண்டும். ஆண்களுக்கும் அபூர்வமாக இந்நோய் வருவதுண்டு என்பதால் அவர்களும் இதைப் படித்துவிட்டு அப்பால் போய்விடக் கூடாது.

ஜனங்களின் அசிரத்தையைப் போலவே எனக்குக் கோபம் மூட்டுவது சில வைத்தியர்களின் அவசரம். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, கொழுப்புக் கட்டி” என்று சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கட்டி எதுவென்று நிர்ணயிக்க மூன்று பரீட்சைகள் சேர்ந்து நடக்க வேண்டும்: வைத்தியர் கையால் சோதிப்பது, இளவயதினருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அல்லது நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக மேமோகிராம், சந்தேகம் இருக்குமிடத்தில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்ஸி. மூன்றின் முடிவும் எழுத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். ஊசி போட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊரில் சொல்லுகிறார்களே, அதை நம்பிப் பரீட்சையைத் தள்ளிப்போடாதீர்கள்; தாமதத்தால்தான் நோய் பரவுகிறது.

இதைவிட மோசமான ஒரு காரியமும் நடக்கிறது. சிறிய சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில் பயாப்ஸி செய்யாமலே கட்டியை வெட்டி எடுத்து, உறவினரிடம் ஒரு தட்டில் வைத்துக் காட்டிவிட்டு, எறிந்துவிடுகிறார்கள். எடுத்தது என்னவென்று பிறகு பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எடுத்த சதை ஃபார்மலின் திரவம் உள்ள புட்டியில் போடப்பட்டு, நோயாளியின் பெயரும் எந்தப் பக்கத்து மார்பு என்ற விவரமும் எழுதி ஒட்டப்பட்டு, நோய்க்குறியியல் ஆய்வகத்திற்குப் போகிறதா என்று கூட இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பது ஆகாது.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து உழைத்ததன் பலனாகவே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. அவர் பிறந்த ஜில்லாவிலேயே ஸ்திரீகள் வெட்கத்தினாலும் அறியாமையாலும் மடிவது சகிக்கத்தக்கதா?

போக வேண்டிய வழியைச் சொல்கிறேன். கந்தர்வக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ காலையிலேயே போய்ப் புறநோயாளர் சீட்டு வாங்கி, தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியரைக் கேளுங்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்புப் பரிசோதனை செய்வது அவருடைய கடமைகளில் ஒன்று, அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டி இருக்கிறதென்றால் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாமல், மேல்சிகிச்சைக்கான பரிந்துரைச் சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம்மூரிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டிலும் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அச்சீட்டுடன் போக வேண்டும். எங்கே போவதென்று புரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

பணத்தை நினைத்து மலைப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்னரே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இத்திட்டம் தாங்குகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசிலுள்ள காப்பீட்டு மையத்திற்குச் செல்ல வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். கலியாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்தகத்துக் குடும்ப அட்டையிலேயே கிடக்கும். ஆதாரில் ஒரு பெயரும் அட்டையில் வேறொரு பெயரும் இருக்கும். தாலுகா ஆபீசில் வட்ட வழங்கல் பிரிவில் இதை இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு ஓடினால் அங்கே உங்களுக்காக எவரும் அவசரப்பட மாட்டார்கள். தனியார் மருத்துவமனையில் சேருவதானால், அது திட்டத்தில் சேர்ந்ததுதானா என்று விசாரித்து, முன்பணம் கட்டுமுன் அட்டையைக் காட்டுங்கள். அட்டை இருந்தும் திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குப் பணம் கேட்டால், 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கத்தியில்லாமல் புற்றைக் கரைப்போம் என்று துண்டுப் பிரசுரம் விநியோகிப்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்பிரசுரத்தைப் பத்திரப்படுத்திப் போலீசிடம் கொடுக்கலாம். அந்தப் பிரசுரக்காரர்களிடம் கழியும் மாதங்களைத் திரும்பப் பெற முடியாது.

மருத்துவக் காகிதங்களைத் தருவதற்கு எந்த ஆஸ்பத்திரியாவது தயங்கினால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவருடைய ஆவணங்களை வைத்தியர் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள் கூறுவதைக் குறிப்பிட்டு, எழுத்தில் மனுக் கொடுத்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடையாறுக்கோ வேறிடத்திற்கோ மாறுவதானால் பயாப்ஸி அறிக்கை மட்டும் போதாது. கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டியும் சேர்த்து வாங்க வேண்டும், ஏனெனில் எந்த மருந்து பலிக்கும் என்பதை அந்த மெழுகுக்குள் இருக்கும் சதையைச் சோதித்தே தீர்மானிக்கிறார்கள். சிகிச்சைக்கு ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும் துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. அதற்கான சான்றிதழைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை தரும். அதில் வைத்தியரின் கையெழுத்தோடு முத்திரையும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.