உடலியக்க ஒப்பீடும் வினாச்சொல்லும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து

நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் சிறார்க்கு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் 11–17 வயதுப் பள்ளி மாணவர் குறித்த ஆய்வின்படி, 2016இல் 81 விழுக்காட்டினர் இவ்வளவை எட்டவில்லை. தென்கொரியாவில் இது 94, இந்தியாவில் 74; உலக அளவில் சிறுவருள் 78, சிறுமியருள் 85.

இவை மாணவர் தாமே அளித்த விடைகளாதலின், வினாவின் சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. ‘உடலியக்கம்’ என்னும் கருத்து ‘உடற்பயிற்சி’ எனப் பெயர்க்கப்படின், வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்ச் சிறார் அதனைக் கபடி, ஓட்டம் என்றே கொள்ளக்கூடும். பள்ளிக்கு மிதிவண்டி மிதித்தலும் தண்ணீர் சுமத்தலும் வயல்வேலையும் விடுபடும். வீட்டுவேலை பெண்பிள்ளைகள்மேல் மிகுதியாக விழுதலின், அவர்தம் இயக்கமே பெரிதும் மறையும். ஆகவே, வட்டார வழக்கில் இயக்கம் குறித்த வினைச்சொற்களைத் தொகுத்த பின்னரே வினாநிரல் அமைத்தல் தகும்.