உதவிப் பத்திராதிபரின் மேசை

வானொலிக் கருவியைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்க விழையும் ஆர்வலர்க்கெனச் சில சஞ்சிகைகள் வெளிவருவதுண்டு. அவற்றின் உதவிப் பத்திராதிபர் யாரென வாசகர் தேடுவதில்லை. எனினும், சுற்றுவரைபடம் ஒன்றில் ஒரு தடையியின் பெறுமானம் பத்து மடங்கு பிழைத்து அச்சேறிவிடின், அதனை நம்பிப் பொருள் வாங்கிய இளைஞனின் சேமிப்பு வீணாகும். ஆகவே, எண்ணும் எழுத்தும் பிழையின்றி இருத்தல் அவரது முதற்கடன்.

இரண்டாங்கடன் இதனினும் அரிது. அஞ்சலில் வந்து குவியும் புதுமைகளிடையே பதர் எது, நெல்மணி எது என அவர் தேர்ந்தறிதல் வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் காண்போம். இலண்டனில் வெளியான ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் சஞ்சிகையை வானொலி ஆர்வலரும் பொறியியலாளரும் ஒருங்கே படித்தனர். 1945 பெப்ரவரியில், யுத்தம் ஓயுமுன்னரே, அதில் ஒரு வாசகர் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் பிரித்தானிய விமானப் படையில் ராடார்த் துறையிற் பணியாற்றிய ஆதர் சி. கிளார்க், வயது இருபத்தேழு. அதே ஆண்டு ஒக்டோபரில் அவரது விரிவான கட்டுரையும் அச்சேறியது. பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு நிலையம், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலின் அது வானில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகம் முழுவதற்கும் வானொலி பரப்பப் போதுமென அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்நாளில் விண்ணில் ஒரு செய்மதியேனும் இருந்ததில்லை. முதற் செய்மதி 1957இலேதான் ஏவப்பட்டது. ஆயினும், கனவென்று கட்டுரையைத் தள்ளிவிடாது, கணக்கை நோக்கி அதனை ஏற்றது சஞ்சிகை. கிளார்க் பெற்ற சன்மானம் பதினைந்து பவுண். பின்னர், 1964இல் ‘சின்கொம் 3’ என்னும் செய்மதி அவ்வுயரத்தில் நின்று டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

கிளார்க் மேசையின் மறுபுறத்தும் அமர்ந்தவர். 1948இற் பட்டம் பெற்றபின், இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனம் வெளியிட்ட பௌதிகச் சுருக்கச் சஞ்சிகையில் அவர் உதவிப் பத்திராதிபரானார். உலகெங்கும் வெளியாகும் பௌதிகக் கட்டுரைகளை வகைப்படுத்திப் பிறர்க்கு வழிகாட்டுவது அச்சஞ்சிகையின் பணி. நூல்கள் எழுதி ஈட்டிய வருவாய் பெருகவே அப்பதவியை விட்டார். 1956இல் இலங்கை வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

அவர் எண்ணத்தின் பயனை நம் மலைநாட்டிலேயே காணலாம். கண்டியை அடுத்த அம்பிட்டிய போன்ற ஊர்களில், நேர்கோட்டிற் செல்லும் தொலைக்காட்சி அலைகளுக்குக் குன்றுகள் குறுக்கே நிற்கின்றன. செய்மதியின் அலையோ மேலிருந்து இறங்குவதால் அத்தடையைத் தவிர்க்கிறது. இலங்கை பூமத்தியரேகைக்கு அண்மையில் இருத்தலின், இங்கே கூரைகளின் மேலுள்ள கிண்ண அன்டெனாக்கள் வானுச்சியை நோக்கி நிமிர்ந்திருக்கின்றன. இலண்டனில் அவை அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

பாடசாலையிற் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தும் மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வந்த எழுத்தைப் புதுமை என்பதற்காக ஏற்பதும் தவறு. புதுமை என்பதற்காகவே மறுப்பதும் தவறு. கணக்குச் சரிதானா என்று பார்ப்பதே பத்திராதிபர் தொழில்.