பெக்கோவுக்கு முன்னால் பிரதேச சபை

ஹட்டன், கொட்டகலை, நானுஓயாப் பக்கம் பத்துப் பதினைந்து பேர்ச்சஸ் காணி வாங்கி ஒரு 'கேபின்' போட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் அநேகமாக ஒரே ஒழுங்கில்தான் வேலை பார்க்கிறார்கள். முதலில் கைபேசியில் பார்த்த ஒரு படம். அடுத்தது பெக்கோ. சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளிப் பரப்பி, அந்தத் தள்ளுமண்ணின் மேலேயே கண்ணாடிச் சுவரையும் நிறுத்திய பிறகு பிரதேச சபைக்குப் போகிறார்கள். அங்கே "மண்சரிவு அறிக்கை எங்கே?" என்று கேட்டால் கோபம் வேறு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்ததைப் பார்த்த பிறகும் பெக்கோவே முதலில் போகிறது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் தோட்ட லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதி கொடுக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டும் என்பது 2011 இல் இருந்தே உள்ளூராட்சி சபைகளுக்குள்ள நடைமுறை. நுவரெலியா மாவட்டம் அதில் அடங்கும். விண்ணப்பத்தை உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையில் கேளுங்கள். காணி உறுதியின் பிரதி, அனுமதிபெற்ற நில அளவையாளரின் வரைபடம், உத்தேசக் கட்டட வரைபடம், இடத்துக்கு வரும் வழி ஆகியவற்றை இணைத்து, கட்டணத்தையும் கட்டினால் நிறுவனத்தின் உத்தியோகத்தர் காணியை வந்து பார்ப்பார். 'உத்தேச' என்பதைக் கவனியுங்கள். எத்தனை மாடி, எவ்வளவு மண் வெட்டலாம், தாங்கு சுவர் வேண்டுமா, மழைநீர் எங்கே போக வேண்டும் என்ற நிபந்தனைகள் அறிக்கையில்தான் வரும். கேபினின் அளவைத் தீர்மானிக்கும் பக்கம் அதுதான். ஆகவே இறுதி வரைபடத்துக்குக் காசு கொடுப்பது அறிக்கை வந்த பிறகு. மண்ணில் கை வைப்பது சபையின் அனுமதியும் வந்த பிறகு.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 360 சதுர அடி கேபின் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 18 அடி நீளம், 20 அடி ஆழம் என்று சதுரமாக வைத்தால், தட்டையாக்கப் பின்பக்கம் ஏறக்குறைய 7 அடி வெட்ட வேண்டும். அதே 360ஐ 30 அடி நீளம், 12 அடி ஆழமாகத் தேயிலை நிரையோடு ஒட்டிப் படுக்கவைத்தால் 4 அடி போதும். கீழ்ப்பக்கத்தைத் தூண்களில் நிறுத்தினால் அதுவும் குறையும். ஆனால் தூணின் அத்திவாரம் தள்ளுமண்ணில் நிற்கக்கூடாது; வெட்டுப்படாத இறுகிய மண்ணுக்குப் போக வேண்டும். படுக்கையறையை வெட்டிய மண்மேட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். வெளியேறும் கதவு பக்கவாட்டில் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். 360 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். பீலி இல்லாத கூரையானால் அவ்வளவும் நேரே அத்திவாரத்தடியில் இறங்கும். தோட்டத்தில் அந்தக் காலத்துக் கான்கள் சும்மா வெட்டப்பட்டவை அல்ல. கானை மூடி அதன்மேல் கேபின் வைத்தால் தண்ணீர் கீழே உள்ள லயத்துக்குப் போகும். வார இறுதிக்கு வந்து போகிற உங்களுக்கு ஒன்றுமில்லை, அங்கே வருடம் முழுக்கப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். மலசலகூடக் குழியும் குளியல் நீரும் எங்கே இறங்குவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பு வைப்பதும் நடக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். புகைபோக்கி இல்லாவிட்டால் நெருப்பு வேண்டாம்.

காணி விஷயம் சுருக்கமாக: பெருந்தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. அதைத் துரை விற்க முடியாது, தொழிற்சங்கத் தலைவரின் கடிதமும் உறுதியாகாது. முற்பணம் கொடுக்குமுன் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்.

அனுமதியில்லாமல் கட்டியதை நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு இடிக்கலாம். கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். அது இல்லாமல் ஆளைக் குடிவைக்கக்கூடாது. வாடகைக்கு விடுவதானால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிய வேண்டும்.

சரி, எல்லாம் கொடுத்தாயிற்று, கோப்பு நகரவில்லை. "அடுத்த கிழமை வாங்க" என்பது நம் அலுவலகங்களின் தேசிய கீதம். விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே திகதியும் இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள். பிறகு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு யார் மேசையில், எந்தத் திகதியில் இருந்து கிடக்கிறது என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். புரியாத நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேசனிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

கட்டிய பிறகும் மழையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழைக்கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். விருந்தாளிகளை உடனே வெளியே அனுப்பி, கீழே லயத்துக்கும் சொல்லிவிட்டு, அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அழையுங்கள்.