வெந்நீர்க் கலம் சூடேறாவிடில்

குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களின் இல்லங்களில் ‘கீசர்’ எனப்படும் மின்சார வெந்நீர்க் கலம் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. அக்கலம் நீரைச் சரிவரச் சூடேற்றாதபோது வீட்டார் பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கின்றனர். கலம் பழுதாகிவிட்டதெனக் கருதிப் புதியது வாங்குகின்றனர். அல்லது பயிற்சியற்ற ஒருவரை அழைத்து அதைத் திறக்கச் செய்கின்றனர். முன்னது வீண் செலவு. பின்னது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கலத்தைத் திறவாமலே, ஒரு வாளி, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் ஆகிய மூன்றையும் கொண்டு குறை எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கள ஊழியர்கள் இல்லத்தார்க்கும், ஆசிரியர்கள் மாணவர்க்கும் எடுத்துரைக்கத்தக்க அம்முறையை இங்கே காண்போம்.

கலத்தின் அமைப்பு

செங்குத்தாக மாட்டப்படும் கலத்தினுள் எஃகுத் தொட்டி ஒன்று உண்டு. மின்சாரத்தால் சூடேறும் குழல் அதன் அடிப்புறத்தில் நீரில் மூழ்கியிருக்கிறது. குளிர்நீர் தொட்டியின் அடியில் நுழைகிறது. வெந்நீர் இலேசானதாகையால் மேலே தங்குகிறது. ஆகவே வெளியேறும் குழாய் தொட்டியின் உச்சிவரை நீண்டு, அங்கிருந்து வெந்நீரை எடுத்துக் கீழே கொணர்கிறது. நீர் குறித்த உஷ்ணநிலையை அடைந்ததும் ‘தெர்மோஸ்டாட்’ மின்சாரத்தை நிறுத்துகிறது. அது தவறினால், இரண்டாவது காவலாக உஷ்ணத் துண்டிப்பான் இயங்குகிறது. மூன்றாவது காவல், மிகுதியான அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு.

எவ்வளவு நேரம் ஆகவேண்டும்?

குறை உண்டா இல்லையா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். 25 லிட்டர் நீரை 20 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 25 × 40 = 1,000 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி தரும். எனவே வேண்டியது 1.16 யூனிட். 2,000 வாட் குழல் இதனை அளிக்க ஏறக்குறைய 35 நிமிஷம் ஆகும். குழாய் நீர் 15 டிகிரியாக இருப்பின் 39 நிமிஷமும், 30 டிகிரியாக இருப்பின் 26 நிமிஷமும் ஆகும். ஆகவே கோடையில் விரைவாகச் சூடேறிய கலம் தை மாதத்தில் தாமதிப்பது பழுதன்று.

மின்னழுத்தத்தையும் கருத வேண்டும். 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 184 வோல்டே இருந்தால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் வெப்பம் நூற்றுக்கு 64 ஆகக் குறைந்துவிடுகிறது. 35 நிமிஷ வேலைக்கு 55 நிமிஷம் பிடிக்கும். இக்குறைக்குக் கலத்தைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

அறிகுறிகளும் காரணங்களும்

விளக்கு எரியவில்லை, நீரும் குளிர்ந்தே இருக்கிறது என்றால், கலத்திற்கு மின்சாரம் வரவில்லை, அல்லது துண்டிப்பான் இயங்கியிருக்கிறது. துண்டிப்பான் ஏன் இயங்கியது என்பதை அறியாமல் அதை மீண்டும் அழுத்திவிடுதல் கூடாது.

விளக்கு நெடுநேரம் எரிந்தும் நீர் சூடேறவில்லை எனில், குழல் எரிந்துபோயிருக்கலாம். இதனை மின்சார மீட்டரைக் கொண்டே அறியலாம். வீட்டின் பிற சாதனங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, மீட்டரின் சிறு விளக்கு நிமிஷத்திற்கு எத்தனை முறை ஒளிர்கிறது என்று எண்ணுக. யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என மீட்டரின் முகப்பில் பொறித்திருந்தால், 2,000 வாட் குழலுக்கு ஏறக்குறைய 107 துடிப்புகள் தோன்றவேண்டும். துடிப்பே இல்லையெனில் குழலில் மின்சாரம் ஓடவில்லை.

விளக்கு விரைவில் அணைந்து, நீர் வெதுவெதுப்பாகவே வருமாயின் தெர்மோஸ்டாட்டை ஐயுற வேண்டும். அது குறைந்த அளவில் வைக்கப்பட்டிருக்கலாம், பழுதுற்றிருக்கலாம்.

முதலில் சூடாக வந்த நீர், கால் வாளி நிரம்புமுன் குளிர்ந்துவிடுமாயின் குறை மின்சாரத்தில் இல்லை, நீரோட்டத்தில் உள்ளது. குளிர்நீர்க் குழாயும் வெந்நீர்க் குழாயும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் குளிர்நீர் உச்சியில் நுழைந்து வெந்நீருடன் கலந்துவிடும். நீலக் குறி உட்புகும் வழியையும் சிவப்புக் குறி வெளிவரும் வழியையும் காட்டும். வெளியேறும் குழாய் தொட்டியினுள் அரித்துத் துளைபட்டாலும் இவ்விளைவே உண்டாகும். சுவரிலுள்ள மிக்சர் குழாய் பழுதாகிக் குளிர்நீர் கசிந்து கலப்பதும் உண்டு. அதற்குரிய குளிர்நீர் வழியை மட்டும் அடைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

சுண்ணாம்புப் படிவு

கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கெட்டியாகப் படிகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை நாளொன்றுக்கு 50 லிட்டர் பயன்படுத்தினால், ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கிலோகிராம் சுண்ணாம்புப் பொருள் கலத்தின் வழியே செல்கிறது. அதில் ஒரு சிறு பங்கு தங்கினாலும் போதும்.

தென்னிந்திய இல்லங்களில் விறகும் கரியும் எரித்த செம்புப் பாய்லரில் இப்படிவு ஏற்பட்டால், வெப்பம் நீருக்குச் செல்லாமல் புகையோடு போய்விடும். மின்சாரக் கலத்திலோ வெப்பம் வேறெங்கும் செல்ல வழியில்லை. தாமதித்தேனும் நீரையே அடையும். ஆனால் அதற்குள் குழல் அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துபோகிறது. நீர் சூடேறும்போது கேட்கும் சடசட ஓசை படிவின் முன்னறிவிப்பாகும். ஆண்டுக்கொரு முறை படிவை அகற்றுவித்தலும், தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வையாதிருத்தலும் நலம். அந்நீரும் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்குமாதலால் குளிர்நீர் கலந்தே பயன்படுத்த வேண்டும். அகற்றிய படிவின் துண்டொன்றை எலுமிச்சைச் சாற்றில் இட்டால் கரியமில வாயு குமிழிட்டெழும். வகுப்பில் காட்டத்தக்க எளிய சோதனை இது.

செய்யத்தகாதவை

சூடேறும் வேளையில் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு, சூடு குறைவதற்கு அதுவே காரணமென்று கருதி அதனை அடைத்துவிடுவோர் உளர். இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் செல்லும் 25 லிட்டர் நீர் ஏறக்குறைய 380 மில்லிலிட்டர் விரிகிறது. ஒருவழி வால்வு உள்ள கலத்தில் அது பின்னோக்கிச் செல்ல இயலாது. வெளியே சொட்டியே ஆகவேண்டும். குளிர்ந்த நிலையிலும் இடைவிடாது சொட்டினால் வால்வை மாற்ற வேண்டுமேயன்றி அடைத்தலாகாது. வால்வு அடைபட்டிருக்க, தெர்மோஸ்டாட்டும் துண்டிப்பானும் தவறினால், நீர் 100 டிகிரியைக் கடந்தும் திரவமாகவே அடைபட்டுக் கிடக்கும். தொட்டி பிளந்ததும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கொள்ளும் என்பதை நினைத்தால் விளைவை ஊகிக்கலாம்.

தொட்டியில் நீர் நிரம்பியிருப்பதை, வெந்நீர்க் குழாயைத் திறந்து அறிந்த பின்னரே ஸ்விட்சைப் போடவேண்டும். விளக்கு அணைந்திருப்பதை மின்சாரம் இல்லாமைக்கு அடையாளமாகக் கொள்ளலாகாது; மெயின் ஸ்விட்சை நிறுத்தாமல் மூடியைத் தொடக்கூடாது. ‘எர்த்’ இணைப்பில்லாத கலத்தை ஒரு நாளும் பயன்படுத்தலாகாது. குழாயைத் தொடும்போது சிறிதளவேனும் அதிர்ச்சி தோன்றினால், குளியலறைக்கு வெளியேயுள்ள ஸ்விட்சை நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். கள ஊழியர்கள் எந்த இல்லத்திற்குச் சென்றாலும் முதலில் பார்க்கவேண்டியவை எர்த் இணைப்பும் வால்வுமே. நீர் சூடேறாத காரணத்தை அதன் பின்னர் ஆராயலாம்.