தலைக்கு மேலே சிம்பல் எதற்கு?

டிரம்மர் கையை நீட்டி, தலைக்கு மேலே நிற்கும் சிம்பலை ஓங்கி அடித்தால் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரிகிறது. பார்க்க அழகுதான். தோள் என்ன பாடுபடும்?

கை உடலோடு ஒட்டித் தொங்கும்போது அதன் எடை தோள்மூட்டைத் திருப்ப முயல்வதில்லை. கிடைமட்டமாக நீட்டினால் அந்தத் திருப்புவிசை உச்சத்துக்குப் போகிறது. டெல்டாய்டு தசை அதை விடாமல் தாங்க வேண்டும். தோள் மட்டத்துக்கு மேலே கை ஓயாமல் உயர்ந்தால், மூட்டுக்குள் தசைநாண்கள் எலும்பில் உரசி வீங்கவும் கூடும்.

சரி, டிரம் செட்டின் வழக்கமான அமைப்பாவது உடலை அளந்து பிறந்ததா? அதுவும் இல்லை. 1920களில், பெடலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டின் முன்னோடி தரையை ஒட்டிக் காலால் மட்டும் இயங்கியது. பிறகு தண்டு உயர்ந்தது, குச்சியும் அதில் விழத் தொடங்கியது. வலக்கை இடக்கையைத் தாண்டிப் போய் அடிக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். ஜாஸ் மேதை பில்லி காபம் ஹை-ஹாட்டை இடக்கையாலேயே வாசித்தார். கைகள் குறுக்கிடவில்லை, வலக்கைக்கு முழு வீச்சும் கிடைத்தது.

உடலுக்கேற்ப அமைப்பை மாற்றியவரும் உண்டு. டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்தார். அந்தக் கையின் வேலையை இடக்காலின் மின்னணுப் பெடல்களுக்கு மாற்றி, 1986இல் இங்கிலாந்தின் டோனிங்டன் இசைவிழாவில் மேடையேறினார். விசித்திரமான அமைப்புதான், ஆனால் ஒவ்வொரு பெடலும் அவர் உடலுக்காக வைக்கப்பட்டது.

பாணிக்காகத் தோளைப் பலி கொடுக்க வேண்டாம். வலி தொடங்கினால் சிம்பலைக் கீழே இறக்குங்கள்.