இரண்டு உபகாரச் சம்பளங்கள்

கும்பகோணத்திற்குக் கிழக்கே மயிலாடுதுறை செல்லும் பெருவழியில், பட்டு நெசவிற்குப் பேர்போன திருபுவனத்தைக் கடந்தால் வருவது திருவிடைமருதூர். மகாலிங்கப் பெருமான் திருக்கோயிலும் அதன் தலமரமாகிய மருதமும் அவ்வூருக்குப் பெயரும் புகழும் தந்தன. சுற்றிலும் காவிரி நீரால் விளையும் நெல்வயல்கள். உழவர், உழவுத் தொழிலாளர், நெசவாளர், சிறு வணிகர் ஆகியோர் இவ்வட்டாரத்தில் மிகுதியாக வாழ்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தபின், இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த மாணவர் பலர் முதலில் தேடுவது வருமானச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் உசாவி அறிந்தபின், திருவிடைமருதூர் வட்டாட்சியர் அலுவலகம் அச்சான்றினை வழங்கும். அஃது இன்றேல், வருமான வரம்பு வைத்து வழங்கப்படும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழியில்லை.

உதவித்தொகையை முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். அதனை ஒருமுறை வென்று, வென்றதை இழந்து, ஒன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் வென்ற ஒருவரின் வரலாறு, திருவிடைமருதூருக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்தில் தொடங்கிற்று. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய மேதையைப் பலரும் அறிவர். அவர் உதவி வேண்டி அலைந்த கதையை அறிந்தோர் சிலரே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். மாத ஊதியம் ஏறத்தாழ இருபது ரூபாய். நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இராமானுஜன், 1903ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்த மாதமே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி மிக்கவருக்கு வழங்கப்பட்டு வந்த சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. கல்லூரிக் கட்டணமோ பருவம் ஒன்றுக்கு 32 ரூபாய். தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியத்திற்கு ஒப்பானது. அவ்வுதவியின்றி அவர் கல்லூரியிற் படித்தல் அரிது.

ஆயினும் கல்லூரியில் அவர் கருத்துக் கணிதம் ஒன்றிலேயே நிலைத்தது. கார் என்பவர் தொகுத்த ஆங்கிலக் கணித நூல் ஒன்று பள்ளி நாளிலேயே அவர் கைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி அடுக்கித் தந்த அந்நூல், அவ்விளைஞரை முற்றும் ஆட்கொண்டது. ஆசிரியர் ஆங்கிலம் நடத்தினும் வரலாறு நடத்தினும் உடலியல் நடத்தினும் இராமானுஜன் தம் ஏட்டில் கணிதத்தையே எழுதிக்கொண்டிருந்தார். விளைவு யாது? ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், மேல்வகுப்பிற்கு உயர்த்தப்படவில்லை, உபகாரச் சம்பளமும் நின்றது. அவர் அன்னையார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரிற் கண்டு, கணிதத்தில் தம் மகனுக்கு நிகர் யாருளர் என்று வாதிட்டார். முதல்வர் கனிவாகவே பேசினார். ஆயினும் விதியை மாற்ற அவர் இசையவில்லை.

முதல்வரைக் கல்நெஞ்சர் என்று பழிப்பது எளிது, நியாயமன்று. அவ்வுபகாரச் சம்பளம் கணிதத்திற்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஆங்கிலத்திற்கும் சேர்த்தே ஏற்பட்டது. அதன் நிபந்தனை தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தது. பெற்றவர் அதனைக் கருதவில்லை.

மனமுடைந்த இராமானுஜன் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எவரிடமும் சொல்லாமல் வடக்கே தெலுங்கு நாட்டிற்குச் சென்றுவிட்டார். திரும்பி வந்து மீண்டும் கல்லூரியிற் சேர்ந்தபோது, வருகை நாட்கள் போதாமையால் பருவச் சான்றிதழ் கிட்டவில்லை. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோயுற்று ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப். ஏ. தேர்வு எழுதித் தோற்றார். அத்துடன் பட்டக்கல்வியின் கதவு அவருக்கு அடைபட்டது.

மதிப்பெண் குறைவும் வருகைக் குறைவும் ஆகிய இவ்விரண்டும் இன்றும் உதவித்தொகையைப் பறிப்பன. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் கல்லூரி மாணவர்க்கென நடத்தும் உதவித்தொகைத் திட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். நாடு முழுவதும் ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்கு இத்திட்டத்தில் இடம் உண்டு. அவற்றுட் பாதி மாணவியர்க்குரியது. இளநிலைப் படிப்பில் ஆண்டிற்கு 12,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நான்கரை இலட்சம் ரூபாய்க்கு மிகுதல் ஆகாது. வேறோர் உதவித்தொகை பெறுபவர் இதனையும் சேர்த்துப் பெறுதல் இயலாது. அஞ்சல் வழியிற் படிப்போர்க்கும் இஃது இல்லை.

இத்திட்டத்தின் மதிப்பெண் வரம்பைப் பிறழ உணர்வோர் பலர். எண்பது விழுக்காடு மதிப்பெண் பெற்றால் போதும் என்றும், அது பெறாதவர் விண்ணப்பிக்கவே கூடாது என்றும் எண்ணுகின்றனர். இரண்டும் பிழை. ஒரு தேர்வு வாரியத்தில் ஒரு பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றோர் அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தியதாகக் கொள்க. நூறு பேர் நின்றால், அவருள் முதல் இருபதின்மருக்குள் வருவோரே தகுதியுடையோர். வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் குறைந்த மதிப்பெண் பெற்றவரும் அவ்விருபதின்மருள் இருத்தல் கூடும். எளிதாக அமைந்த ஆண்டில் தொண்ணூறு பெற்றவரும் வெளியே நிற்றல் கூடும். ஆதலின் மதிப்பெண்ணைக் கண்டு மயங்காமல், அவ்வாண்டுக்கு அறிவிக்கப்பெற்ற வரம்பு யாதென்று பார்த்தல் வேண்டும்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் செய்யப்படுவது. அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுதல் தவறு. மாணவர் சேர்ந்துள்ள கல்லூரி அதனைச் சரிபார்த்து மேலே அனுப்புதல் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஓரெழுத்து மாறிய பெயர் என்று இருப்பின், நல்ல மதிப்பெண்ணும் பயன்தராது முடங்கிப்போகும். பெயரின் முன்னெழுத்து முன்னும் பின்னுமாக மாறி நிற்கும் நம் நாட்டில் இத்தொல்லை சிறிதன்று.

தொகை கிடைத்த பின்னும் ஒரு கடமை எஞ்சுகின்றது. அடுத்த ஆண்டிலும் அது தொடரவேண்டுமாயின், ஆண்டுத் தேர்வில் ஐம்பது விழுக்காடு மதிப்பெண்ணும், வகுப்பில் எழுபத்தைந்து விழுக்காடு வருகையும் இருத்தல் வேண்டும். 1905இல் இராமானுஜனைத் தடுத்து நிறுத்தியவையும் இவை போன்ற நிபந்தனைகளே. நடவும் அறுவடையும் வந்தால் பிள்ளைகளை வயலுக்கு அழைக்க நேரும் குடும்பங்களில், வருகை என்னும் நிபந்தனை மதிப்பெண்ணைக் காட்டிலும் கடியது.

இனி, இராமானுஜன் வென்ற இரண்டாவது உபகாரச் சம்பளத்தைக் காண்போம். 1910இல் அவர் வேலை தேடித் திருக்கோயிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இளைஞரின் குறிப்பேடுகளைப் புரட்டியவர், அவருடைய தகுதியை உணர்ந்து சென்னை அன்பர்களிடம் அனுப்பினார். அவர்கள் வாயிலாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. உபகாரச் சம்பளத்திற்கு அவர்கள் செய்த முயற்சிகள் யாவும் பலிக்காமையால், இராமச்சந்திர ராவ் தம் பொருளிலிருந்தே மாதந்தோறும் உதவினார். பிறர் கையை நெடுநாள் எதிர்பார்க்க இராமானுஜன் மனம் ஒப்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

அங்கிருந்து 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதனை ஒரு விண்ணப்பமாகவே கொண்டு பார்த்தல் தகும். தாம் ஓர் எழுத்தர் என்பதையும், ஊதியம் சிறிது என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் அவர் முதலிலேயே மறைக்காது கூறினார். தம்மைப் புகழ்ந்து பக்கங்களை நிரப்பவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகளை எழுதி இணைத்தார். அவற்றுட் சில முன்னரே அறியப்பட்டவை, சில பிழையானவை, பலவோ எவரும் அதுவரை காணாதவை. தமக்கு அகவை ஏறத்தாழ 23 என்று அக்கடிதத்தில் எழுதினார். உண்மையில் அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. இக்காலத்து இணையதளமாயின் அந்த ஒரு முரணுக்கே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும்! ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அந்த முடிவுகளை ஆராய்ந்து, எழுதியவர் பெருந்திறலர் என்று தெளிந்தார். நிறுவல்களை அனுப்புமாறு பிப்ரவரி 8ஆம் நாள் விடை எழுதினார். அதற்கு முன்பு இராமானுஜன் வேறு அறிஞர்க்கு விடுத்த மடல்கள் பயன்தரவில்லை. திறமை இருப்பது மட்டும் போதாது. அதனை மதிப்பிட வல்லவர் கண்ணில் அது படுதலும் வேண்டும்.

பிப்ரவரி 27ஆம் நாள் இராமானுஜன் ஹார்டிக்கு மீண்டும் எழுதினார். தாம் அரைப்பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்றும், ஹார்டி பரிவுடன் எழுதும் ஒரு கடிதம் பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உபகாரச் சம்பளம் பெற உதவும் என்றும் அதிற் கூறினார். வறுமையைக் கூற அவர் நாணவில்லை.

அவ்வேளையில் இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். கணிதத்தில் வல்லுநராகிய அவரிடம் இராமானுஜனின் ஏடுகள் காட்டப்பட்டன. அவர் மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இவ்விளைஞரின் கற்பனையாற்றல் கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு ஒப்பானது என்றார். முழுமையும் செம்மையும் போதா என்பதையும் சேர்த்தே சொன்னார். அக்கணிதப் பிரிவுகளில் தமக்குத் தனிப்பயிற்சி இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். குறையை மறைக்காத பரிந்துரை ஆதலால் அதன் நிறைவுரையும் நம்பத்தக்கதாயிற்று.

மார்ச்சு 19ஆம் நாள் கூடிய கணிதப் பாடக்குழு, இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஏப்ரல் 7ஆம் நாள் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு கூடியபோது தடை எழுந்தது. அச்சம்பளம் முதுநிலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது; இராமானுஜனோ எஃப். ஏ. தேர்விலும் தேறாதவர். அப்பொழுது துணைவேந்தராகிய நீதிபதி பி. ஆர். சுந்தர ஐயர், பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்புரையை எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதில் உள்ளதன்றோ என்று வினவினார். குழு இசைந்தது. கும்பகோணத்தில் விதியை முன்னிட்டு மறுக்கப்பட்டது, சென்னையில் விதிநூலைக்கொண்டே வழங்கப்பட்டது. எழுத்தராக ஈட்டியதைக் காட்டிலும் இரண்டரை மடங்கு தொகை 1913ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து அவருக்குக் கிடைக்கலாயிற்று.

இதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை தரல் வேண்டும். இம்முறை இராமானுஜன் தவறவில்லை. ஆகஸ்டிலும் நவம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் மூன்று அறிக்கைகளை ஒப்படைத்தார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் வழங்கிற்று. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. 1916இல் ஆராய்ச்சியின் பயனாகக் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அவர் தாயகம் திரும்பவிருந்த காலத்தில், மேலும் சில ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது. 1919ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் இராமானுஜன் பதிவாளருக்கு நன்றி கூறி மறுமொழி எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதியானது என்றும், பெற்றோருக்கு ஆண்டிற்கு 50 பவுன் கொடுத்துத் தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதைக் கல்விப்பணிக்குச் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எப்பணி என்பதையும் அவரே குறித்திருந்தார்: ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தல், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கித் தருதல்.