பியரின் பெயரில் ஏன் ஷில்லிங்?

ஸ்காட்லாந்தின் பாரம்பரிய பியர் வகைகளின் பெயர்களைப் பாருங்கள்: 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங், 90 ஷில்லிங். எண் கூடக் கூட, பியரில் உள்ள ஆல்கஹாலும் கூடுகிறது. அப்படியென்றால் ஷில்லிங் என்பது ஆல்கஹாலை அளக்கும் அலகா?

இல்லை. ஷில்லிங் என்பது பணம். பிரிட்டன் 1971இல் தசம நாணய முறைக்கு மாறும் வரை, 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து ஆலைகள் பீப்பாயின் விலையையே பியரின் பெயராகவும் பயன்படுத்தின. ஆல்கஹால் அதிகமுள்ள பியருக்கு பார்லி அதிகம் தேவை. ஆகவே விலையும் அதிகம். ஆல்கஹாலின் அளவைத் தெரிந்துகொள்ள வேறு வழி தேவைப்பட்டது.

சர்க்கரையில் இருக்கிறது விடை

பார்லியை முளைக்க வைக்கும்போது அதில் நொதிகள் உருவாகின்றன. முளைத்து உலர்ந்த பார்லியை வெந்நீரில் ஊற வைத்தால், அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இந்த இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால் நொதித்தல் நடக்கும். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும்.

சர்க்கரை கரைந்த நீரின் அடர்த்தி, வெறும் நீரின் அடர்த்தியைவிட அதிகம். இதை அளக்க உதவுவது ஹைட்ரோமீட்டர். அடியில் கனமும் மேலே அளவுக் கோடுகளும் கொண்ட ஒரு மூடிய கண்ணாடிக் குழாய் அது. மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும் என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். எனவே அடர்த்தியான திரவத்தில் குழாய் உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்தால் ஆழமாக அமிழும்.

சாற்றின் ஒப்படர்த்தி நொதிப்பதற்கு முன் 1.040, நொதித்த பின் 1.010 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.030. இதை 131ஆல் பெருக்கினால் சுமார் 3.9. அதாவது, அந்த பியரில் ஏறக்குறைய 3.9 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது.

ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் தாம்சன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலால் துறைக்காக இத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்தார். நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மதிப்பிட உதவிய 'மெட்ரோலாக்' கருவியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

வரியும் போரும்

1880இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு, முளைகட்டிய பார்லிக்கான வரியை நீக்கியது. அதற்குப் பதிலாக, நொதிக்காத சாற்றின் அடர்த்தியைக் கொண்டு வரி கணக்கிடப்பட்டது. சாறு எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு வரி. ஆலைக்காரரும் அதிகாரியும் ஒரே கருவியின் கோட்டைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யலாம். இந்த முறை பிரிட்டனில் 1993 வரை நீடித்தது.

முதலாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. தானியம் பற்றாக்குறையானது. பியரில் ஆல்கஹால் குறைந்தது, வரியோ உயர்ந்தது. 1914இன் தொடக்கத்தில் நிர்ணய அடர்த்தியுள்ள ஒரு பீப்பாய்க்கு 8 ஷில்லிங்குக்கும் குறைவாக இருந்த வரி, 1920இல் 100 ஷில்லிங் ஆனது. அதன்பின் 60 ஷில்லிங் பியரை 60 ஷில்லிங்குக்கு எப்படி விற்க முடியும்? விலை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1970களில் பாரம்பரிய பியருக்கு மீண்டும் வரவேற்பு கிடைத்தபோது இப்பெயர்களும் பரவலாயின. இன்று 60 ஷில்லிங் வகையில் ஆல்கஹால் பொதுவாக 3.5 விழுக்காட்டுக்கும் குறைவு. 70 ஷில்லிங்கில் சுமார் 3.5 முதல் 4 வரை. 80 ஷில்லிங்கில் சுமார் 4 முதல் 5.5 வரை. 60 ஷில்லிங்குக்கு 'லைட்' என்றும் பெயர் உண்டு. ஆனால் நிறத்தில் அது பெரும்பாலும் கரும்பழுப்பு! 'லைட்' என்பது ஆல்கஹால் குறைவு என்பதைத்தான் குறிக்கிறது.

செய்து பாருங்கள்

ஓர் உறிஞ்சு குழாயின் ஒரு முனையைக் களிமண்ணால் நன்றாக அடைத்து, நீரில் செங்குத்தாக மிதக்க விடுங்கள். நீர்மட்டம் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு அந்த நீரில் ஐந்தாறு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மீண்டும் மிதக்க விடுங்கள். உங்கள் கோடு நீருக்கு மேலே எழுகிறதா?